ஏழு வீட்டுப் புகைக்கு ஒரே வாசல்

பழவேற்காட்டுப் பக்கம், பழைய உப்பளத்து லைன் வீடுகளில் கடைசி வீடு என் அக்காவுடையது. உப்பளம் மூடி எத்தனையோ காலமாகிவிட்டது. இப்போது அங்கே இருப்பவர்கள் ஏரியில் இறால் பிடிக்கிறவர்கள். ஏழு வீட்டுக்கும் சேர்த்து நீளமாக ஒரே ஓட்டுக்கூரை. நடுச்சுவர்கள் ஆளுயரத்துக்கு மேல் கொஞ்சம் எழும்பி, கூரையைத் தொடாமல் நின்றுவிடும். "ஒரு வூட்ல தும்முனா ஏழு வூட்ல நூறு சொல்லுவாங்க" என்பது அங்கே வழங்கும் பேச்சு.

முதல் வீட்டை ஒட்டி, அந்தக் காலத்து மேஸ்திரி வீடு. அதன் சுவர் மட்டும் கூரை வரை போய் முட்டுகிறது. போகும்போதெல்லாம் எனக்கு அது உறுத்தும். கூலிக்காரர் வீடுகளில் மட்டும் ஏன் பாதியில் நிறுத்தினான் கட்டியவன்? செங்கல் மிச்சம் பிடித்தான் என்பார் மாமா. "நம்ம பேச்ச ஒட்டுக்கேக்கத்தான்" என்பாள் அக்கா.

போன மழைக்கு முன்னால் அக்கா மகள் பிரசவத்துக்கு வந்தாள். சாயங்காலமானால் கொசுவுக்காக வீட்டுக்கு வீடு வேப்பிலை மூட்டம் போடுவார்கள். அத்தனை புகையும் அக்கா வீட்டுக்குள் வந்துதான் போகும்.

"பச்சப் புள்ள இந்தப் பொகைல எப்டிரா மூச்சு வுடும்?" என்ற அக்கா, கொத்தனாரை அழைத்து நடுச்சுவரைக் கூரை வரை அடைத்துவிட்டாள்.

அன்று சாயங்காலமே முதல் வீட்டு அம்மா கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்து நின்றார். "இன்னாமே, எங்கள கருவாடாக்கப் பாக்கறியா?"

அப்போதுதான் நான் அண்ணாந்து பார்த்தேன். அக்கா வீட்டு வெளிச்சுவரின் உச்சியில் ஒரு வட்டத் துளை. மறுகோடியிலோ மேஸ்திரி வீட்டு முழுச்சுவர். ஏழு வீட்டுப் புகைக்கும் இருந்த ஒரே வாசல் இந்தத் துளைதான்! தன் பக்கம் வராமல் அடைத்துக்கொண்டு, மொத்தத்தையும் இந்தப் பக்கம் தள்ளியிருக்கிறார் மேஸ்திரி.

சொன்னேன். அக்கா முகம் சுருங்கிவிட்டது. "அப்போ அந்தாளு செஞ்சதத்தான் நானும் செஞ்சனா?"

"செவுத்த ஒட," என்றார் அந்த அம்மா. "பொண்ண என் வூட்டுக்கு அனுப்பு. பொகை அங்கேந்து இந்தாண்டதான் வருது, திரும்பிப் போவாது. நான் மூட்டம் போடல."

"கொசு புடுங்குமேக்கா?" என்று என் அக்கா அவரைக் கேட்டாள்.

"வலை கட்டிக்கலாம். வலை கட்டத் தெரியாத குடும்பமா நம்பள்து?"

பேத்தி பிறந்தாள். முதல் வீட்டில், கொசுவலைக்குள் தூக்கம். ஒரு காலையில் நான் அக்கா வீட்டில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். அந்தக் கோடியில் பூனைக்குட்டி தும்மினாற்போல ஒரு சத்தம். "நூறு", "நூறு" என்று கூரையோடு கூரையாகக் குரல்கள் நகர்ந்து வந்தன. மீன் ஆய்ந்த கையோடு அக்கா, அடைப்பை இடித்துவிட்ட நடுச்சுவருக்கு மேலே பார்த்துக் கத்தினாள்:

"எரநூறு!"