மாமாவின் பாரமான சொல்லும் நான் கண்ட பிறையும்

எழுதுவதற்கு உனக்கு என்ன தகுதி என்று யாராவது கேட்டால் ஒன்றுமில்லை என்றுதான் சொல்வேன். பள்ளிக்கூடத்தில் ஓ.எல். பரீட்சை வரை படித்தவள். நாலு பேர் கூடிய இடத்தில் வாய் திறந்து பழக்கமில்லாதவள். பொறுத்துக்கொண்டு வாசியுங்கள். சட்டம் படிக்கிற மகள் போன வாரம் 'பிரிபொண்டரன்ஸ்' என்ற ஆங்கிலச் சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பாடமாக்கிக்கொண்டிருந்தாள். அதன் கருத்தை நான் அடுப்படியிலிருந்து சொன்னதும் புத்தகத்தை மூடிவிட்டு எழுந்து வந்து என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வை தந்த துணிவில்தான் எழுதுகிறேன்.

அந்தச் சொல் உம்மாவின் தம்பியிடமிருந்து எனக்குக் கிடைத்தது. மாமா கல்முனை பஜாரில் துணிக்கடை வைத்திருந்தார். பரீட்சையில் ஆங்கிலத்தில் இரண்டு தடவை தவறியவர். அதனாலோ என்னவோ ஆங்கிலத்தை அவர் விடவேயில்லை. அகராதியில் ஒரு சொல்லைப் பிடித்தால் அது பழகும் வரை எங்கள் வீட்டில் வந்து பாவித்துப் பார்ப்பார்.

நோன்பு மாதத்தின் கடைசி வாரம் இந்தச் சொல்லோடு வந்தார்.

"பெரும்பான்மைக்கு மெஜோரிட்டி எண்டு ஒண்டு இரிக்கே, மறுகா இது என்னத்துக்கு?" என்று கேட்டா சாச்சி, உம்மாவின் தங்கச்சி.

"மெஜோரிட்டி தலய எண்ணுற கணக்கு. வோட்டு எண்ணுற இடத்தில அதத்தான் செல்லணும். இது வேற. எல்லாத்தயும் சேத்துப் பாக்கக்குள்ள பாரம் எந்தப் பக்கம் சாயுதோ, அதான் பிரிபொண்டரன்ஸ்."

"அப்ப இண்டைக்கு ஆணத்தில உப்புட பிரிபொண்டரன்ஸ்."

"ஓம்! சரியான பாவிப்பு!" மாமாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கறி ஆக்கிய உம்மாதான் முகத்தைத் திருப்பிக்கொண்டா.

இருபத்தொன்பதாவது நோன்பு வந்தது. அன்று பிறை தெரிந்தால் மறுநாள் பெருநாள். எனக்கு அப்போது ஒன்பது வயதிருக்கும்; அந்த மாதம் ஒரு நோன்பையும் முழுதாகப் பிடித்திருக்கவில்லை. வீட்டார் நோன்பு திறந்த கையோடு நானும் கஞ்சிக் கோப்பையைப் போட்டுவிட்டு, பாதி கட்டிக் கிடந்த எங்கள் வீட்டு மேல்தட்டுக்கு ஓடினேன். அக்கம்பக்கத்துப் பெண்களும் பிள்ளைகளும் ஏற்கனவே அங்கே நின்றார்கள். கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு எல்லாரும் வயல் பக்கம் பார்த்தோம். மேற்கே மேகம். அந்த மேகத்தில் ஒரு கிழிசல் விழுந்தது. கிழிசலுக்குள் பிறை!

"பிறை! பிறை! அந்தா, மில்லுக்கு மேல!"

எல்லாத் தலையும் திரும்புவதற்குள் மேகம் மூடிவிட்டது. நான் குதித்தேன், கத்தினேன், ஒவ்வொருவர் கையாகப் பிடித்து இழுத்துக் காட்டினேன். ஒருவருக்கும் தெரியவில்லை.

"நோன்பு பிடிக்க ஏலாதவளுக்குப் பிறை தெரியும்தானே!" என்றா சாச்சி. மேல்தட்டே சிரித்தது. எனக்கு அழுகை முட்டியது. நாளைய பெருநாள் என் கண்ணுக்குள் இருக்கிறது. அதை நம்ப ஓர் ஆளாவது வேண்டும்.

சத்தம் கேட்டு மாமா ஏறி வந்தார். "மருமகள், எப்பிடி இருந்திச்சி? செல்லுங்க பாப்பம்."

"தோணி மாதிரி. மல்லாந்து கிடந்திச்சி மாமா."

சிரிப்பு இன்னும் கூடியது. "கலண்டர்ல எழும்பி நிக்கிற பிறை, ஒனக்கு மட்டும் படுத்துக் கிடந்திச்சா?" என்று கேட்டா சாச்சி.

மாமா சிரிக்கவில்லை. "பொய் செல்றவளெண்டா கலண்டர்ல உள்ளதத்தானே செல்லுவாள்? நம்மட வானத்தில தலப்பிறை படுத்துத்தான் கிடக்கும். ஆருக்கும் ஞாபகமில்ல, இவள் கண்டிரிக்காள்." பிறகு கையை உயர்த்திக்கொண்டு, "மெஜோரிட்டி ஒங்கட பக்கம். பிரிபொண்டரன்ஸ் என்ட மருமகள்ட பக்கம்!" என்றார்.

அடுத்த நிமிடம் நான் அவருடைய சைக்கிள் பாரில் இருந்தேன். மணியை அடித்துக்கொண்டு பறந்தோம். தையற்கடை வாசல்களில் காத்து நின்றவர்கள் "பிறையா? பிறையா?" என்று கூவினார்கள். "கண்ட புள்ளய ஏத்திட்டுப் போறன்!" என்று மாமா திருப்பிக் கூவினார். ஊரே எனக்காக வழி விட்டது போல இருந்தது. இன்றுவரை எந்தக் கல்யாண ஊர்வலத்திலும் எனக்கு அப்படி நெஞ்சு அடித்ததில்லை.

பள்ளிவாசல் முற்றத்தில் மௌலவி என் உயரத்துக்குக் குனிந்து முழுவதையும் கேட்டார். மாமா தோணிக் கதையை எடுத்துச் சொன்னார். ஆங்கிலச் சொல்லையும் சொன்னார்.

"மாஷா அல்லாஹ், நல்ல கண்," என்றார் மௌலவி. "பெரிய ஆக்கள் ஆராவது கண்டாங்களா, மகள்?"

இல்லை என்று தலையை ஆட்டினேன்.

"சின்னப் புள்ளட சாட்சிய வெச்சி ஊருக்குப் பெருநாள் செல்ல ஏலா."

கொஞ்ச நேரத்தில் வானொலியும் நாட்டில் எங்கும் பிறை தென்படவில்லை என்று அறிவித்தது.

திரும்பி வரும்போது கேட்டேன். "மாமா, நீங்க என்ன நம்புறீங்களா?"

"நூறு வீதம்."

"அப்ப நாளைக்கு ஒங்களுக்குப் பெருநாளா?"

"இல்ல மருமகள். நோன்பு."

நான் சைக்கிளை நிறுத்தச் சொல்லி இறங்கி விறுவிறுவென்று நடந்தேன். நம்புகிறவர் எப்படி நோன்பு பிடிப்பார்? பொய்க்கார மாமா என்று நினைத்தேன். ஒருத்தியை முழுதாக நம்பிக்கொண்டே ஊரோடு நிற்கவும் ஒரு மனிதரால் முடியும் என்பதோ, அது அவருக்கும் லேசாக இருந்திருக்காது என்பதோ எனக்கு அப்போது தெரியாது. மாமா சைக்கிளை உருட்டிக்கொண்டு வீடு வரை என் பின்னால் வந்தார்.

மறுநாள் ஊர் முழுக்க முப்பதாவது நோன்பு. பிறையைக் கண்ட நானும் பிடித்தேன்.