மலை இடப்பக்கம் வந்தால் வேலூர் வண்டி

தயவுசெய்து இதை யாரிடமும் காட்டாதீர்கள். திருவண்ணாமலையில் யாரிடமும் காட்டவே காட்டாதீர்கள். அண்ணனின் கம்ப்யூட்டரில், மானிட்டர் வெளிச்சம் வெளியே தெரியாமல் துப்பட்டாவால் மூடிக்கொண்டு எழுதுகிறேன். என்னைப் போல வீட்டுக்குத் தெரியாமல் வேலூர் போக வேண்டியவர்களுக்காக இது.

போன சனிக்கிழமை வேலூரில் விளையாட்டு விடுதிக்குத் தேர்வு. நான் நீளம் தாண்டுபவள். "அர டவுசர் போட்டுக்கினு ஊரு முன்னாடி குதிக்கணுமா?" என்று கேட்டு அப்பா முடித்துவிட்டார். அவர் ஆட்டோ ஓட்டுகிறார். பஸ் ஸ்டாண்டில் அவரைத் தெரியாத கண்டக்டரே கிடையாது. அதனால், ஸ்பெஷல் கிளாஸ் என்று சொல்லிவிட்டு, யூனிஃபார்மோடு ரயில் ஸ்டேஷனுக்கு நடந்தேன்.

பௌர்ணமி தவிர மற்ற நாளில் அந்த ஸ்டேஷனில் கூட்டம் இருக்காது. வேப்பமரம், ஒரு டீக்கடை, தூங்கும் இரண்டு சாமியார்கள். டிக்கெட் பதினான்கு ரூபாய். வண்டி 6.50-க்கு. ஒற்றைத் தண்டவாளம் என்பதால் இங்கேதான் எதிரெதிராக வரும் இரண்டு வண்டிகளும் ஒன்றுக்கொன்று வழிவிட்டுப் போகும். எனக்கு அது தெரியாது. முதலில் வந்து நின்ற வண்டியில் ஏறி, ஜன்னல் ஓரமாக உட்கார்ந்துவிட்டேன்.

வெளியே பூக்கூடையோடு நின்ற ஒரு பூக்கார அம்மா, "எங்க போற பாப்பா?" என்றார்.

"வேலூருங்க."

"விழுப்புரம் வண்டியில குந்திக்கினா வேலூரு எப்படி வரும்? எறங்கு, எறங்கு."

இறங்கி ஓடி அடுத்த வண்டியில் அவரோடு ஏறினேன். மூச்சு வாங்கியது. அவர் சிரித்தார். "இஞ்சினப் பாத்து நில்லு. மல எடது கைப்பக்கம் வந்தா வேலூரு. சோத்துக் கைப்பக்கம் வந்தா விழுப்புரம். இதுகூடத் தெரியாத நீ இன்னா படிக்கிற?"

போளூர் வரும்வரை பேசினோம். அப்பா ஆட்டோ ஓட்டுகிறார் என்றதும், "எந்த ஸ்டேண்டு?" என்றார். சொல்லிவிட்டேன். நீங்கள் சொல்லாதீர்கள்.

வேலூர் கண்டோன்மென்ட் ஸ்டேஷனில் இறங்கும்போது ஒன்பதரை. மைதானம் நடக்கும் தூரம்தான். முதல் இரண்டு தாண்டலும் ஃபவுல். மூன்றாவதில் மணலில் விழுந்து திரும்பிப் பார்த்தேன். என் கால் அவ்வளவு தூரம் போகும் என்று எனக்கே தெரியாது. சாயங்காலம் பட்டியலில் என் பெயரை வாசித்தார்கள். வருகிற திங்கட்கிழமைக்குள் அப்பா நேரில் வந்து சேர்க்க வேண்டும். இல்லையென்றால் இடம் வேறு பெண்ணுக்கு.

திரும்பும் வண்டியிலும் அதே பூக்கார அம்மா. சந்தோஷத்தில் திங்கட்கிழமை விஷயத்தையும் உளறிவிட்டேன். ஊர் வந்ததும் அவர் காலிக் கூடையோடு ஆட்டோக்கள் பக்கம் போனார். அப்பாவின் ஸ்டேண்டைச் சொன்னது அப்போதுதான் ஞாபகம் வந்தது. நாலு நாளாக அப்பா எதுவும் கேட்கவில்லை.

போகிறவர்களுக்கு: சாப்பாடு கட்டிக்கொள்ளுங்கள், வழியில் சுண்டல் மட்டும்தான். தண்ணீர் ஜாஸ்தி எடுத்துக்கொள்ளுங்கள். அகல ரயில் பாதை போடுவதற்காக இந்த வண்டிகளை நிறுத்தப் போகிறார்களாம், அதற்குள் போய்விடுங்கள். பயமாகத்தான் இருக்கும். மலை மறைகிற வரைக்கும்தான் அந்தப் பயம். அதற்குப் பிறகு

கதவைத் தட்டுகிறார்கள். அப்பா.

"பாப்பா, முழிச்சிக்கினுதான இருக்க? திங்கக்கெழம வேலூருக்கு மல எந்தக் கைப்பக்கம் வரணும்?"

குரலில் கோபம் இருக்கிற மாதிரி இல்லை