லேமினேஷன் போட்ட கடைசி வரி

போன திங்கட்கிழமை காலை, காபி டம்ளரைக் கையில் எடுத்த நேரம் போன். புதுக்கோட்டையில் ஒரு கல்லூரியின் கம்ப்யூட்டர் லேப் பொறுப்பாளர் செல்வராணி.

உங்களுக்குத்தான் தெரியுமே... ஒரு ப்ரோகிராமிங் மொழிக்குத் தமிழில் வழிகாட்டி எழுதி இணையத்தில் போடுகிறவன் நான். அந்த மொழியின் புது வெர்ஷனில் ஒரு கட்டளைக்குப் பெயர் மாற்றிவிட்டார்கள். வேண்டாத ஃபைல்களை மட்டும் அழிக்கும் 'க்ளீன்', இனி 'ஸ்வீப்'. பழைய பெயரையாவது சும்மா விட்டார்களா? இப்போது 'க்ளீன்' அடித்தால் ஃபோல்டரே காலி! சனிக்கிழமையே உட்கார்ந்து எல்லாப் பக்கங்களையும் திருத்திவிட்டேன். என்ன பெருமை எனக்கு!

"சார், நேத்து எல்லா மெஷின்லயும் புது வெர்ஷன் போட்டாச்சு. பத்து மணிக்குப் பிள்ளைங்க ப்ராஜெக்ட் சப்மிட் பண்ணுதுங்க. ஒங்களுக்கு ஒரு தேங்க்ஸ் சொல்லலாம்னு..."

"புதுப் பக்கத்தைப் பாத்தீங்கள்ல மேடம்?"

"பக்கம் எதுக்குங்க சார்? போன வருசமே பிரிண்ட் எடுத்து, லேமினேஷன் போட்டு, மெஷினுக்கு மெஷின் ஒட்டிட்டோமே! பிள்ளைங்க வந்துருச்சுங்க, வச்சிர்றேன்."

எனக்கு அந்தத் தாளின் கடைசி வரி நினைவுக்கு வந்தது. 'சப்மிட் செய்யும் முன் மறக்காமல் க்ளீன் கொடுங்கள்.' மறக்காமல்!

திரும்பக் கூப்பிட்டேன். எடுக்கவில்லை. லேபுக்குள் போனுக்கு அனுமதியில்லை. வைரஸ் பயத்தில் பென் டிரைவுக்கும் இல்லை. அப்படியானால் வேறு நகல் ஏது? பிள்ளைகளின் ஆறு மாத உழைப்பும் அந்த ஒரே ஃபோல்டரில்தான்.

எங்கள் ஊர் திருவரங்குளத்தில் புதுக்கோட்டை பஸ் ஏறினேன். நிமிஷத்துக்கு ஒரு தரம் வாட்சைப் பார்த்தேன். பரீட்சை எழுதிய வயதில்கூட இப்படிப் பயந்ததில்லை. ஒவ்வொரு ஸ்டாப்பிலும் பஸ் நின்றது... நின்றுகொண்டே இருந்தது.

கண்டக்டர் என் முகத்தைப் பார்த்தார். "ஒடம்புக்கு முடியலைங்களா? அங்கிட்டு ஜன்னலோரமா உக்காருங்க."

லேபுக்குள் ஓடியபோது பத்து தாண்டிவிட்டது. முதல் வரிசையில் ஒரு பெண், தாளைப் பார்த்துப் பார்த்து 'க்ளீன்' அடித்து முடித்துவிட்டாள். விரல் என்டரை நோக்கிப் போகிறது.

"நிறுத்தும்மா!"

லேபே திரும்பியது. அவள் பயந்துபோய்க் கையை எடுத்தாள். "ஏன் சார்? தாள்ல அப்படித்தானே போட்டிருக்கு?"

எழுதியவனே நான்தானே!

செல்வராணியிடம் மார்க்கர் வாங்கி, ஒவ்வொரு தாளிலும் கடைசி வரியை அடித்தேன். எதுவும் அழியவில்லை. இந்த லேப் போன் செய்தது. போன் செய்யாத லேப்கள் எத்தனையோ?

உங்கள் ஊர் லேபிலும் அந்தத் தாள் ஒட்டியிருந்தால் — தயவுசெய்து, கடைசி வரியில் மட்டும் என்னை நம்பாதீர்கள்!