கல்கத்தாவிலிருந்து எட்டு மணி நேரம்

காவல்மேடையில் ஏறி நின்று வானம் பார்த்து, விமானம் வந்தால் தொங்கும் தண்டவாளத் துண்டை அடிப்பது என் வேலை. அடித்தேன், ஓடி ஒளிய வேண்டிய சனம் வெட்டவெளியில் வந்து வரிசை கட்டி நின்றது. ஜப்பான்காரன் மலாயாவைப் பிடித்திருந்த காலம், லாபு பக்கத்து ரப்பர்த் தோட்டம். இப்படி வேலையில் மாட்டிக் கழுத்து சுளுக்கியவர்களுக்குச் சொன்னால் புரியும்.

வாரம் எங்கே, மணி எங்கே

வெள்ளைக்காரன் விமானம் இந்தியாவிலிருந்து வரும், பதுங்குகுழி வெட்டுங்கள் என்று உத்தரவு. பெரிய கங்காணி மண்வெட்டியைத் தொடவில்லை. நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்கில் இறங்க ஒரு வாரம் ஆன ஆள். அவ்வளவு தூரம் எவன் வருவான் என்றார்.

தோட்டத்துக் கணக்கு எழுதும் யாழ்ப்பாணத்துக் கிராணி பள்ளிக்கூடத் தேசப்படத்தை விரித்து நூல் பிடித்து அளந்தார். கல்கத்தா பக்கமிருந்து ஆயிரத்தைந்நூறு மைலுக்கு மேல்; பெரிய விமானத்துக்கு எட்டு மணி நேரம் போதும் என்றார். நான் விரல் விட்டுக் கணக்குப் போட்டேன். விடியுமுன் அங்கே கிளம்பினால், நாம் மரவள்ளி பிடுங்கும்போது தலைக்கு மேல்! கங்காணி காறித் துப்பினார். “போங்க கிராணியாரே! எட்டு மணி நேரத்துல நான் கப்பல்ல மொத வாந்தியே எடுத்து முடிக்கலே!”

பெரட்டுக்களம்

ஒரு பகல். வானத்தில் வெள்ளியாக மின்னியது. கை மரத்துப்போக அடித்தேன். மற்றவர்கள் வெட்டி வைத்த குழியில் ஒருத்தர்கூட இல்லை. லயத்து வீடுகளிலிருந்து ஓடி வந்து பெரட்டுக்களத்தில் வரிசை பிடித்தார்கள், இடுப்பில் கைப்பிள்ளையோடு. வேலைக்கு ஆள் எண்ணும் பெரட்டுக்குக் காலமெல்லாம் அடித்ததும் அதே தண்டவாளம்தானே. சாகக் கூப்பிட்டது போல ஆகிவிட்டது. என் பெண்சாதியும் வரிசையில்.

விமானம் தெற்கே போய்விட்டது. இறங்கி ஓடி வந்து கத்தினேன். அவள் முறைத்தாள். “ஏங்க கத்துறீங்க? பெரட்டுக்கு வராட்டி அரிசிய வெட்டிடுவான்லா!”

கோயில் மணி

ஜப்பான் அதிகாரி என் கன்னத்தில் விட்டான் ஒன்று. சத்தத்தை மாற்று என்றான். கோயில் மணியைக் கழற்றி மேடையில் கட்டினோம். அடுத்த விமானத்துக்கு அதை அடித்தேன். மொத்தச் சனமும் கோயில் வாசலில் கைகூப்பி நின்றது. அதுவும் வெட்டவெளி.

மரவள்ளிக் காட்டில் குண்டு விழுந்தது. தரை தூக்கிப் போட்டது. யாருக்கும் அடியில்லை, எப்படி என்று இன்றைக்கும் தெரியாது. தலையெல்லாம் மண்ணோடு கங்காணி எழுந்தார். கிராணியின் கையைப் பிடித்துக்கொண்டார். “மெய்யாவே எட்டு மணி நேரந்தானா, ஐயா?”

லாரி

மறுபடி இரைச்சல். மணிக்கயிற்றைப் பிடித்தேன், விட்டேன். தொட்டால் வெளியே வருவார்கள், தொடாவிட்டால் தெரியாமல் சாவார்கள்.

ஆயாக்கொட்டகையில் பிள்ளை பார்க்கும் முனியம்மா லயத்து வாசல்வழியே கத்திக்கொண்டு ஓடினாள். “லாரி வருது! சயாம் ரயில் போட ஆள் புடிக்க லாரி வருது!” ஜப்பான்காரன் அப்படி லாரியில் ஏற்றிப்போன புருசன் திரும்பாதவள் அவள். லயம் நொடியில் காலி. பாதிப் பேர் ரப்பர்க் காட்டில், பாதிப் பேர் குழியில். கங்காணிதான் முதல் ஆள்.

விமானம் கடந்தது. குழிக்குள்ளிருந்து என் பெண்சாதி, “லாரி எங்கேடி?” என்றாள். முனியம்மா சிரிக்கவில்லை. “மேலே போச்சு. நீங்க லாரிக்குத்தானே ஓடுவீங்க!”

கடல் தாண்டி வந்த குண்டுக்கு அசையாத சனத்தை, வராத லாரியைச் சொல்லிப் பிழைக்க வைத்தவள் முனியம்மா.