குளத்தில் அசைந்த பூ

கீரப்பாளையத்தில் ஆரோக்கியராஜ் வீட்டுத் தோட்டத்துக் குளத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். தண்ணீரில் ஒரு இலை மிதக்காது. காற்றில் ஒரு சருகு விழுந்தாலும் மனுஷன் ஓடிப்போய் அள்ளிவிடுவார். ஓரத்தில் பாசி கண்ணில் பட்டால் அன்றைக்குச் சோறு இறங்காது. ஊரில் கிண்டல் செய்வார்கள். அவர் காதில் போட்டுக்கொள்ளமாட்டார்.

இத்தனைக்கும் அந்தக் குளத்தில் களையைக் கொண்டுவந்து விட்டவரே அவர்தான். 2005இல் கடலூரில் ஒரு ஆபீசில் டைப்பிஸ்டாக இருந்தார். ஒருநாள் திரும்பும்போது பஸ் பஞ்சராகி நின்ற இடத்தில், வாய்க்கால் முழுக்க ஆகாயத்தாமரை ஊதாவாய்ப் பூத்திருந்தது. மனைவி அமராவதிக்குப் பிடிக்குமே என்று ஒரே ஒரு செடியைப் பிடுங்கி டிபன் கேரியரில் வைத்து எடுத்துவந்தார். வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்ட கதைதான். இரண்டே மழையில் குளம் மூடிக்கொண்டது. புதிதாய் வருகிறவன் புல்தரை என்று காலை வைத்துவிடுவான், அப்படி ஒரு பச்சை.

மருந்தடிக்க அமராவதி விடவில்லை. மீனெல்லாம் செத்துப்போகுமாம். அதனால் சனிக்கிழமைதோறும் கயிறு இழுப்பார்கள். தடித்த தேங்காய்நார்க் கயிற்றைக் குளத்தின் குறுக்கே போட்டு, இந்தக் கரையில் அவர், அந்தக் கரையில் அவள். இருவரும் சேர்ந்து இழுத்துக்கொண்டே நடந்தால் களை ஒரு மூலைக்கு ஒதுங்கும். வாரிக் கரையில் போட்டால் அடுத்த மழை திரும்ப உள்ளே தள்ளிவிடும் என்று வாழைக்கடியில் கொண்டுபோய்க் கொட்டுவார்கள்.

"நல்லா இழு மாமா! டைப்படிக்கிற மாதிரி தடவிக்கினு இருக்குற!" என்று அவள் கத்துவது தெருவுக்கே கேட்கும்.

2009 ஐப்பசியில் ஒரு சனிக்கிழமை. ஆபீசில் ஒருவர் ரிட்டையராகிறார் என்று பிரியாணி. ஆரோக்கியராஜ் போன் போட்டார். "வர லேட்டாவும். நாளைக்கு இழுத்துக்கலாம்."

"நாளைக்குப் பூசைக்குப் போவணும். ஞாயித்துக்கெழமல கொளத்துல எறங்குவாங்களா? நானே பாத்துக்கறேன், நீ தின்னுட்டு வா."

அவர் வீடு வந்தபோது மணி நாலு. கதவு திறந்திருந்தது, ஆள் இல்லை. பக்கத்து வீட்டுச் செல்லாயியிடம் பேசப் போயிருப்பாள் என்று நினைத்து, பிளாஸ்க்கில் இருந்த டீயை ஊற்றிக்கொண்டு குளக்கரையில் உட்கார்ந்தார். அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தார். ஐந்து மணிக்குச் செல்லாயிதான் எதிர்க்கரையில் செருப்பைப் பார்த்துவிட்டு அலறினாள். கயிற்றின் ஒரு முனையைத் தென்னையில் கட்டிவிட்டு அமராவதி தனியாக இறங்கியிருக்கிறாள். பச்சைக்கு அடியில் வேரெல்லாம் காலைச் சுற்றியிருக்கக் கிடந்தாள். ஐயோ, அந்தக் கோலத்தை எப்படிச் சொல்ல!

டீ குடித்ததை மட்டும் அவர் யாரிடமும் சொல்லவில்லை.

அன்றிலிருந்துதான் இந்தக் காவல். தண்ணீருக்கு மேலே எது மிதந்தாலும் அடியில் யாரோ இருப்பதுபோல் நெஞ்சு அடித்துக்கொள்ளும். கையால் விலக்கிப் பார்த்தால்தான் மூச்சு வரும்.

2011 கடைசியில் வந்த தானே புயல் தென்னைகளையெல்லாம் முறித்துக் குளத்தில் போட்டது. வீட்டு ஓடு பறந்திருக்க, மனுஷன் கழுத்தளவு தண்ணீரில் மட்டை இழுத்துக்கொண்டிருந்தார். பெண்ணாடத்தில் கட்டிக்கொடுத்த மகள் பிரிசில்லா வந்து பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள். பொங்கல் கழிந்ததும் ஒரு டிராக்டர் மண்ணோடு வந்து நின்றாள்.

"தூத்துடலாம்பா. நீங்களும் இதுலயே போயிடுவீங்களோன்னு எனக்குத் தூக்கமே இல்ல."

"வேணாம்மா."

"ஏம்பா? அம்மாவ முழுங்குன கொளம்!"

"தூத்துட்டா அப்பறம் அவள எங்க பாக்குறது?" என்றவர் அப்படியே கரையில் உட்கார்ந்துவிட்டார். எல்லாம் சொன்னார். டீயை, அரைமணியை, எல்லாவற்றையும். "நடுவுல ஒரு பூ ஆடிச்சும்மா. காத்தே இல்ல. மீனு துள்ளுதுன்னு நெனச்சேன். நல்லா வளந்திருக்கேன்னு சந்தோஷப்பட்டேன்."

பாவி மனுஷன், இரண்டு வருஷமாக நெஞ்சுக்குள் வைத்திருந்ததைக் கொட்டிவிட்டார். பிரிசில்லா அவர் முகத்தையே பார்த்தாள். பிறகு பக்கத்தில் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அது மீனுதாம்பா. அம்மா காலைலயே போயிடுச்சு. பதினோரு மணிக்குள்ளன்னு ரிப்போர்ட்லயே போட்டிருந்தாங்க. நான் படிச்சேன்."

போஸ்ட்மார்ட்டம் ரிப்போர்ட் பீரோவில் இருந்தது. சாவி அவர் அரைஞாணில். ரிப்போர்ட்டை அவர் ஒருவருக்கும் காட்டியதில்லை. மாலை மூன்றரையிலிருந்து நாலரைக்குள் என்று அதில் இருந்ததை எழுத்தெழுத்தாக அவர் அறிவார். பிரியாணி தின்றுகொண்டு அமராவதியோடு போனில் பேசியதே மதியம் ஒரு மணிக்கு.

மகள் அவர் கையை விடவில்லை.

"அப்படியாம்மா?" என்றார் ஆரோக்கியராஜ். "நல்லவேள சொன்ன. இல்லன்னா நான் பாட்டுக்கு..."

வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். இனிமேலும் மறுத்தால், தான் சொன்னதை அப்பா நம்பவில்லை என்று அவளுக்குத் தெரிந்துபோகும். டிராக்டர்காரனைப் பார்த்துக் கையசைத்தார்.

"கொட்டுப்பா" என்றார்.