சைவ மேசையில் ஒரு பன்றி

அமெரிக்க வரலாற்றில் யாரும் சீண்டாத கதைகள் என்றால் எனக்குப் பைத்தியம். வேலைக்குப் போகும் ரயிலில் அவற்றைத்தான் கேட்பேன், வீட்டுக்கு வந்து அவற்றைத்தான் சொல்வேன். நாங்கள் குடியிருக்கும் கிளேட்டனில் என்னைக் கண்டதும் தெருவின் மறுபக்கம் மாறிய நண்பர்கள் உண்டு.

மகள் விரும்பிய பையனின் பெற்றோர் சிட்னி குவேக்கர்ஸ் ஹில்லிலிருந்து முதன்முறையாக எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். தமிழ்நாட்டுக்காரர்கள், முட்டைகூடத் தொடாதவர்கள். நாங்களோ மன்னார்க் கத்தோலிக்கர். எங்களுக்கு மீனும் மரக்கறிதான். மனைவி புதுச் சட்டிகள் வாங்கி, மாசிக் கருவாடு போடாமல் சம்பல் இடித்தாள்.

"அப்பா, ப்ளீஸ், இண்டைக்கு அமெரிக்கா வேண்டாம். அவையள் ஓம் சொல்லாட்டி நான் செத்துப்போவன்" என்றாள் மகள். அவள் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்தேன்.

சாப்பாட்டு மேசையில் விமானப் பயணம் பேசினோம், குளிர் பேசினோம். பிறகு எல்லோரும் ரசத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். அந்த அமைதி என்னைக் கொன்றது. பையனின் அப்பா உருளைக்கிழங்குக் கறியை எடுத்ததும் வாய் தானாகத் திறந்துவிட்டது.

"உருளைக்கிழங்காலை அமெரிக்காவும் பிரிட்டனும் சண்டைக்கு வந்தது தெரியுமோ? ஒரு தீவிலை அமெரிக்கன்ர தோட்டத்துக்கை பிரிட்டிஷ்காரன்ர பன்றி பூந்து கிழங்கைத் தின்ன, அவன் சுட்டுப்போட்டான். ரெண்டு பக்கமும் படை வந்து நிண்டது. கடைசியிலை செத்தது அந்தப் பன்றி மட்டும்தான்!"

அவ்வளவு பாடுபட்டுச் சமைத்த சைவ விருந்தின் நடுவில் பன்றியைக் கொண்டுவந்து போட்டிருந்தேன். மனைவி கண்ணை மூடிக்கொண்டாள்.

"தோட்டக்காரன் வேலி போட்டிருந்தானா?" என்றார் பையனின் அப்பா.

"ஒழுங்கான வேலி இல்லை."

"அப்ப பன்னி மேல என்னங்க தப்பு?"

"மற்றவன்ர காணிக்குள்ளை போறது பிழைதானே?"

குரல் ஏறியது. பாயசம் ஆறியது. வாசலில் செருப்பை மாட்டும்போது, "வீட்டுக்குப் போய் கலந்து பேசிட்டு போன் பண்றோம்" என்றார். அதற்கு என்ன பொருள் என்று தமிழர் எல்லோருக்கும் தெரியும். மகள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். வெட்கத்தில், புதுச் சட்டிகள் அத்தனையையும் நானே கழுவினேன்.

மறுநாள் மாலை போன் வந்தது. ஸ்பீக்கரில் போட்டேன்.

"சார், பிளைட் பூரா யோசிச்சேன். பன்னிய அவுத்து விட்டவன் மேலயும் தப்பு இருக்கு. ஆனா சுட்டது ரொம்ப ஓவர்."

மகள் என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள். வாழ்க்கையில் முதல்முறையாக விட்டுக்கொடுத்தேன். "ஓம், நீங்கள் சொல்றதுதான் சரி."

அவருடைய மனைவி போனை வாங்கினார். "அண்ணா, இந்த மனுஷனோட பேச எனக்குத் தெம்பு இல்ல. நீங்க கிடைச்சது எங்களுக்குப் பெரிய நிம்மதி. கல்யாணத்துக்கு எப்ப நாள் பார்க்கலாம்?"

மகள் என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். எனக்கும் அழுகை வந்தது. மூக்கைத் துடைத்துக்கொண்டு, "போனை ஒருக்கால் அவரிட்டைக் குடுங்கோ, சுட்டது சரிதான்" என்றேன்.