எலனின் இரண்டு மகள்கள்

பழைய பதிவேடு பார்க்கிற வேலைக்குப் படிப்பு அவ்வளவு தேவையில்லை, நல்ல கழுத்து வேண்டும். மைக்ரோஃபிலிம் ரீலைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துக் கழுத்துப் பிடித்துக்கொண்ட வாசகர்களுக்கு என் கதை லேசாக விளங்கும். தொண்ணூறுகளில் நியூசிலாந்தின் ஆக்லாந்தில் ஒரு நூலகத்தின் குடும்ப வரலாற்றுப் பகுதியில் எனக்கு உத்தியோகம். அதற்கு முன் யாழ்ப்பாண அரசாங்கக் கச்சேரியில் பிறப்பு இறப்புப் பதிவு எழுதியவள்.

ஒன்றும் இல்லை

ஒனிஹங்காவிலிருந்து மார்கரெட் என்ற எழுபது கடந்த மனுசி செவ்வாய்க்கிழமை தவறாமல் வருவார். தன் பூட்டி எலன் தாஸ்மேனியாவிலிருந்து வந்தவள், அதற்கு முந்திய கதை தெரியவில்லை, தேடித் தா என்றார். தேடினேன், கிடைத்தது. இங்கிலாந்தில் ஒரு கடையில் துணி திருடியதற்குப் பத்து வருஷத் தண்டனை பெற்று, கைதிக் கப்பலில் தாஸ்மேனியாவுக்கு நாடு கடத்தப்பட்டவள் எலன்.

நம் வீடுகளில் இப்படி ஒன்று இருந்தால் சம்பந்தம் பேசுகிறவர் காதில் விழாமல் மூன்று தலைமுறைக்கு மூடி வைப்போம். நானும் ரீலைப் பெட்டியில் போட்டு மூடிவிட்டு, ஒன்றும் அகப்படவில்லை என்று சொல்லிவிட்டேன். பின்னேரம் பக்குரங்காவில் எங்கள் வீட்டில் கணவரிடம் சொன்னபோது அவருக்கும் அது நியாயமாகவே பட்டது. "சரியாத்தான் செய்தனீர். வயசுபோன மனுசியை ஏன் நோகப் பண்ணுவான்?"

மூன்று செவ்வாய்

மார்கரெட் விடுவதாக இல்லை. மூன்று செவ்வாயும் வந்து, நான் பார்த்து முடித்த மற்ற ரீல்களையே மறுபடி பார்த்தார். பூதக்கண்ணாடியோடு அவர் குனிந்திருந்த கோலம் என் மனச்சாட்சியைப் பிய்த்துத் தின்றது. மூன்றாம் செவ்வாய் மத்தியானம் பெட்டியைக் கொண்டுபோய் வைத்து உண்மையைச் சொன்னேன். அழுவார் என்று நினைத்துத் தண்ணீரும் எடுத்துப் போயிருந்தேன்.

அவர் மேசையில் தட்டிச் சிரித்தார். இந்த ஊரில் அப்போது கைதி முன்னோர் கிடைப்பது பரிசு விழுந்த மாதிரி என்பது எனக்கு எப்படித் தெரியும்? "கள்ளியா? மூன்று கிழமையாக என் கள்ளியை என்னிடமே ஒளித்து வைத்திருந்தாயா?"

கூட வந்தவள்

சிரிப்பு அடுத்த வரியில் நின்றுபோனது. எலனோடு ஆன் என்று நாலு வயது மகளும் கப்பலில் வந்திருக்கிறாள். இறங்கிய அன்றே பிள்ளையைத் தாயிடமிருந்து பிரித்து அநாதைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்திருக்கிறார்கள். மார்கரெட் குடும்பத்தில் இந்தப் பெயரை ஒருவரும் கேள்விப்பட்டதில்லை. எலனுக்குப் பின்னாளில் பிறந்த மேரிதான் ஒரே பிள்ளை என்று வளர்ந்தவர்கள் அவர்கள்.

பள்ளிக்கூடத்துப் பதிவேட்டு ரீலைத் தாஸ்மேனியாவிலிருந்து தருவிக்க ஆறு கிழமை ஆகும் என்றேன். தலையாட்டிவிட்டுக் கோட்டை மாட்டிக்கொண்டார். பிறகு வாசலில் திரும்பி, "பிள்ளை கிடைத்தாளா என்றுகூட வேண்டாம். எலன் போய்த் திருப்பிக் கேட்டாளா, அது தெரிந்தால் போதும்" என்றார்.

இருவர்

ரீல் வந்ததும் பார்த்தோம். எலன் கேட்டிருக்கிறாள், மூன்று தரம். முதல் இரண்டுக்கும் நேரே 'மறுக்கப்பட்டது'. விடுதலையாகிக் கேட்டபோது, 'பிள்ளை ஏற்கனவே வீட்டு வேலைக்கு அனுப்பப்பட்டது.' யார் வீட்டுக்கு என்ற இடம் வெறுமையாக இருந்தது. அதற்குப் பிறகு ஆன் எந்தப் பதிவேட்டிலும் இல்லை.

மார்கரெட் கைப்பையிலிருந்து எலனின் மரணச் சான்றிதழை எடுத்தார். உயிரோடுள்ள பிள்ளைகள்: பெண் இருவர், வயது நாற்பத்தாறு, முப்பது. எழுதியவன் பிழை விட்டான் என்றே இத்தனை காலமும் நினைத்தாராம். கணக்குப் பார்த்தோம். ஆன் இருந்திருந்தால் அந்த வருஷம் நாற்பத்தாறு. சாகும்வரை ஒவ்வொரு வருஷமும் பிள்ளைக்கு வயது ஏற்றிக்கொண்டு இருந்திருக்கிறாள் அந்தத் தாய்.

"உனக்கு எத்தனை சகோதரிகள்?" என்று மார்கரெட் கேட்டார். விசா படிவத்தில் எழுதியதையே சொல்ல வாயெடுத்தேன்: இல்லை. சொல்ல முடியவில்லை. வீட்டுக்கு ஒவ்வாத இடத்தில் கலியாணம் செய்து போனதால் அப்பா கணக்கிலிருந்து எடுத்துவிட்ட தங்கச்சியைப் பற்றிச் சொன்னேன். அவளைப் பார்க்க வேண்டும் போல் இருந்தது, அங்கேயே, அப்போதே. அவளுக்கு இப்போது என்ன வயது என்று கேட்டார். நாற்பத்தொன்று, வருகிற ஆவணிக்கு நாற்பத்திரண்டு என்றேன், யோசிக்காமல். மார்கரெட் என் கையைப் பிடித்துக்கொண்டார். "பார், நீயும் எண்ணிக்கொண்டுதான் இருக்கிறாய்."

தங்கச்சியின் விலாசத்துக்கு எந்த ரீலும் சுற்ற வேண்டியதில்லை, கொழும்பில் இருக்கும் சின்னம்மாவிடம் ஒரு போன் போட்டுக் கேட்டால் போதும், அதற்குத்தான் இத்தனை வருஷ அனுபவமும் எனக்குப் போதாமல் இருக்கிறது.